கதவு ஒயர்

எங்கள் ஆலை வாசலில் போய் என் மாமாவின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் காவல்காரரே உதட்டைப் பிதுக்குவார். பச்சை என்று கேட்டால் கைகாட்டி அனுப்புவார். எந்த இயந்திரம் நின்றாலும் மாமா அதன் மின்சாரப் பேனலைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொள்வார். வெளியே சூப்பர்வைசர் கத்துவார், மேனேஜர் போனில் கத்துவார், நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு வம்பு பேசுவோம். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "பச்சை வந்துடுச்சு!" அதோடு எங்கள் வம்பும் முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லை வைத்தே ஆளின் பெயரை மாற்றிவிட்டார்கள்.

அவர் என் அக்காவின் வீட்டுக்காரர். அம்மா அப்பா போன பிறகு நான் அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். அவர்களுக்குக் குழந்தை இல்லை, எனக்குக் கல்யாணம் இல்லை, மூன்று பேருக்கும் ஒரே சோப்பு ஆலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் மாமா என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார். இதையெல்லாம் எழுத வேண்டியவர் அவர். அவர் எழுதமாட்டார். அதனால் வாயாடி எழுதுகிறேன்.

பச்சை என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சோப்பை அட்டைப் பெட்டிக்குள் தள்ளுவது, பெட்டியின் வாயை மடிப்பது, ஒட்டுவது என்று எங்கள் இயந்திரத்தில் ஒவ்வோர் அசைவுக்கும் சர்வோ மோட்டார் என்று, சொன்ன அளவுக்கு மட்டும் அசையும் மோட்டார் ஒன்று உண்டு. ஒவ்வொரு மோட்டாரையும் ஆட்டிவைக்க, பின்னால் இருக்கும் பேனலுக்குள் ஒரு டிரைவ். தடித்த அகராதி அளவுக்குச் சாம்பல் நிறப் பெட்டி அது. எல்லா டிரைவ்களும் வரிசையாக நிற்கும். ஒரே கேபிள் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று போகும். அதுதான் நெட்வொர்க். தெருவில் வீட்டுக்கு வீடு எண் இருப்பதுபோல ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எண். இரண்டு வீட்டுக்கு ஒரே எண் போட்டுவிட்டால் தபால்காரர் விழிப்பார் இல்லையா, அப்படித்தான் அதுவும். சிவப்பு விளக்கு எரியும், மொத்த இயந்திரமும் நிற்கும். எண்ணும் கேபிளும் சரியாக இருந்தால் பச்சை.

மாமா இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை. எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில் ஆரம்பித்தவர். ஆலைக்கு வந்த புதிதில், வெளியூர் இன்ஜினியர்கள் மடிக்கணினியோடு வந்து டிரைவ் மாட்டும்போது டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். டார்ச் பிடித்தவர் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார். அதற்காக அவரை மேதாவி என்று சொல்ல வரவில்லை. அவருக்குத் தெரியாதது நிறைய உண்டு. முக்கியமாக, மேலே இருப்பவர்களிடம் முடியாது என்று சொல்லத் தெரியாது. எங்கள் குடும்பத்துக்கு வந்த கேடு எல்லாம் அந்த வழியாகத்தான் வந்தது.

அக்கா இரண்டாம் இயந்திரத்தின் ஆபரேட்டர். பெட்டி மாட்டிக்கொண்டால் கண்ணாடிக் கதவைத் திறந்து, கசங்கிய அட்டையை உருவி, கதவைச் சாத்தி, மறுபடி பட்டனை அமுக்குவாள். மற்றவர்கள் அட்டையை இழுத்துக்கொண்டிருக்கும்போது இவள் அடுத்த பெட்டியை ஓட்டிக்கொண்டிருப்பாள். "உங்க அக்காவுக்குக் கையா, காத்தாடியா?" என்று கேட்பார்கள். எனக்கு அதில் பெருமை. அவளுக்கு அதைவிடப் பெருமை.

ஒருநாள் காலை இரண்டாம் இயந்திரத்தில் தள்ளுதட்டின் டிரைவ் புகைந்து போனது. தள்ளுதட்டு என்றால் பெட்டிக்குள் சோப்பைத் தள்ளுகிற தகடு. புது டிரைவ் வர வாரக் கணக்காகும் என்றார்கள். எங்கள் ஆலையில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஓரமாக மூடிப்போட்டு வைத்திருக்கிற பழைய இயந்திரம் ஒன்றிலிருந்து கழற்றி ஓடுகிற இயந்திரத்தில் மாட்டுவது. செத்தவன் சட்டையை இருப்பவனுக்குப் போடுவதுபோல. மாமாவும் கழற்றிக்கொண்டு வந்தார்.

இங்கேதான் கதவு ஒயர் வருகிறது. கண்ணாடிக் கதவைத் திறந்தால் இரண்டு விதத்தில் இயந்திரம் நிற்கும். ஒன்று, கதவு திறந்திருப்பதைப் பார்த்து இயந்திரத்தை ஆளும் புரோகிராம் நெட்வொர்க் வழியாக "நில்" என்று சொல்லும். இன்னொன்று, கதவிலிருந்து நேராக டிரைவுக்கே இரண்டு ஒயர் போகும். கதவு திறந்தால் அந்த ஒயர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தையே அறுத்துவிடும். யார் என்ன கட்டளை சொன்னாலும் அது அசையாது. முதலாவது வாய்ச்சொல், இரண்டாவது கைவிலங்கு. ஆனால் டிரைவை மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது கதவு ஏது? அதற்காக ஜம்பர் என்று ஒரு சின்னச் செருகி உண்டு. அதைச் சொருகினால், கதவு எப்போதும் மூடியே இருக்கிறது என்று டிரைவ் நம்பிக்கொள்ளும். பழைய இயந்திரத்திலிருந்து வந்த டிரைவில் அந்த ஜம்பர் சொருகியபடியே இருந்தது. எரிந்த டிரைவில் இருந்த கதவு ஒயரின் முனை வேறு மாதிரி, இதில் நுழையாது. புது முனை செய்துதான் மாட்ட வேண்டும்.

மாமா டிரைவை மாட்டினார். கேபிளைச் சொருகினார். சிவப்பு. பழைய எண்ணிலேயே இருந்தது. சின்னத் திருகைத் திருப்பி எண்ணை மாற்றினார். பச்சை.

சூப்பர்வைசர் மாமாவைவிட வயதில் சின்னவர், வாயில் பெரியவர். "பச்சை வந்துடுச்சாண்ணே? அப்போ ஓட்டு" என்றார்.

"கதவு ஒயர் மாட்டணும். கால் மணி நேரம் குடுங்க."

"லாரி வாசல்ல நிக்குதுண்ணே. சாப்பாட்டு நேரத்துல மாட்டிக்கலாம்." கதவைத் திறந்து காட்டினார். இயந்திரம் நின்றது. "பார்த்தீங்களா, நிக்குதில்ல? புரோகிராம் பார்த்துக்கும்."

நின்றது உண்மைதான். வாய்ச்சொல்லுக்கு நின்றது. மாமா தலையாட்டிவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் வேறொரு இயந்திரத்துக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் அடுப்புப் பகுதியில் வேலை. அதற்கு மறுநாள் மேனேஜர் அறையில் குளிர்சாதனம் ஓடவில்லை, அதற்கும் பச்சைதான். கதவு ஒயர் நாளைக்கு, நாளைக்கு என்று பேனலுக்குள் தொங்கிக்கொண்டே இருந்தது. அக்கா தினமும் அந்தக் கதவைத் திறந்து கைவிட்டுக்கொண்டே இருந்தாள்.

பழைய டிரைவில் இன்னொரு பழக்கமும் ஒளிந்திருந்தது. பழைய இயந்திரத்தில், நெட்வொர்க் அறுந்து திரும்ப வந்தால் அது யாரையும் கேட்காமல் மோட்டாரை ஆரம்ப இடத்துக்கு ஓட்டும்படி யாரோ அமைத்திருந்தார்கள். மாமா எண்ணை மாற்றினாரே தவிர இதை மாற்றவில்லை. கவனிக்கவில்லை. அவசரத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கோபம் தணியவில்லை.

இப்படி இருக்கும்போது ஒருநாள் இரண்டாம் இயந்திரம் ஓட்டத்தின் நடுவில் நின்றது. கேபிள் முனை தளர்ந்து நெட்வொர்க் அறுந்திருக்கிறது. மாமா ஓடிவந்து பின்பக்கம் பேனலுக்குள் தலையை விட்டார். முன்பக்கம் அக்கா, பெட்டி மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது என்று நினைத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு பெட்டி கோணலாக இருக்கவும் செய்தது. கையை விட்டாள். நான் வரிசையின் கடைசியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மாமா கேபிளை அழுத்திச் சொருகியிருக்கிறார்.

"பச்சை வந்துடுச்சு!" என்று கத்தினார்.

அந்தச் சத்தமும் அக்காவின் அலறலும் ஒன்றாகத்தான் கேட்டன. தள்ளுதட்டு போய்த் தன் இடத்தில் நின்றுகொண்டது. அதற்கு ஒரு குற்றமும் தெரியாது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. சோப்பு வாசனையோடு ரத்த வாசனை கலந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாம்.

அக்காவை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். மருத்துவமனை நடையில் நானும் மாமாவும் நின்றோம். மேனேஜர் வந்தார், மாமாவின் தோளில் கைபோட்டு ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனார், ரகசியமாகப் பேசினார். மாமா என்னிடம் வந்து, "வாயாடி, நீ இங்கேயே இரு. கொஞ்சம் வேலை இருக்கு, வந்துடறேன்" என்றார். பெண்டாட்டி உள்ளே கிடக்கும்போது அப்படி என்ன வேலை என்று எரிச்சலாக வந்தது. மருந்து விஷயமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அரசாங்கத் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். இரண்டாம் இயந்திரத்தை ஓடவிட்டு, கதவைத் திறந்து பார்த்தார். சட்டென்று செத்து நின்றது. கேபிளைப் பிடுங்கிச் சொருகினார். அசையவில்லை. கதவு சரியாக இருக்கிறது, தொழிலாளி இயந்திரம் நிற்பதற்குள் அவசரப்பட்டுக் கைவிட்டிருக்கிறார் என்று முடிவானது. வாசல் பலகையில் "அவசரக்காரருக்குப் புத்தி மட்டு" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது.

அக்கா வீட்டுக்கு வந்தாள். "தலைக்கு வந்தது கையோட போச்சுன்னு நெனச்சுக்கோ" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். மாமா அவளுக்குச் சோறு ஊட்டினார், துணி துவைத்தார், தலை பின்னிவிட்டார். பேனலுக்குள் ஒயரைக் கட்டுவதுபோல அவ்வளவு இறுக்கமாக, ஒரு மயிர் வெளியே வராமல் பின்னுவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம், அவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார்கள். நானும் அவரைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கை போனதற்கு அக்கா நான் பயந்த அளவுக்கு அழவில்லை. வேறொன்று அவளைப் பிடித்துக்கொண்டது. "நான் பார்த்தப்ப அது நின்னுட்டுதான்டி இருந்துச்சு. ஓடலை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா ஓடிட்டுதான் இருந்திருக்கு. எல்லாரும் சொல்றாங்களே" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதையே சொல்வாள். பிறகு அவள் கண்ணுக்கு எதுவும் நிற்காமல் போயிற்று. தெருவைக் கடக்க நின்றால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் ஓரங்கட்டி நிறுத்தியிருக்கும் லாரியைக் காட்டி, "அது நிக்குதா, வருதா?" என்று கேட்பாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படுத்தால் எழுந்து போய் மறுபடி தொட்டுப் பார்ப்பாள். ஒருமுறை இடது கையைச் சுட்டுக்கொண்டாள். மின்விசிறியை அணைத்த பிறகு அது நிற்கும்வரை அதன் அடியிலேயே நின்று அண்ணாந்து பார்ப்பாள். நின்ற பிறகும், "நின்னுடுச்சாடி?" என்பாள்.

"நின்னுடுச்சுக்கா. காத்தே வரலை, பாரு."

"எனக்குத் தெரியலைடி. பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு."

மாமா இதையெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். வாயைத் திறக்கவில்லை.

சில மாதம் கழித்து சூப்பர்வைசர் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஆலையில் லேபிள் பார்க்கும் வேலை, உட்கார்ந்து பார்ப்பது, அக்காவுக்குக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்களாம். அதற்கு முன்னால் பாதுகாப்புக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அக்கா நான்கு வார்த்தை பேச வேண்டும். என் அவசரத்தால் வந்தது, நீங்கள் யாரும் இப்படிச் செய்யாதீர்கள் என்று. அக்கா ஒத்துக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடிப்பதைவிட லேபிள் பார்ப்பது மேல் என்றாள். சமையலறையில் நின்று என்னிடம் பேசிப் பழகினாள். "நண்பர்களே, இயந்திரம் நிக்கறதுக்குள்ள நான் கையை விட்டுட்டேன்." சொல்லிவிட்டு, "சரியா வருதாடி?" என்பாள். மாமா அன்றிரவு சாப்பிடவில்லை.

கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அக்கா முன்னால் போய் நின்றாள். கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர், "கையைக் காட்டுங்கம்மா, எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். காட்டினாள். "நண்பர்களே, இயந்திரம் நிக்கறதுக்குள்ள" என்று ஆரம்பித்தாள்.

"நின்னுட்டுதான் இருந்துச்சு" என்றார் மாமா.

கடைசி வரிசையில், சுவரோரமாக நின்றிருந்தார். எல்லோரும் திரும்பினோம். பேனலுக்குள்ளிருந்து பேசிப் பழகிய குரல், கூட்டத்தில் எப்படிப் பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. "கதவு ஒயர் மாட்டலை. ஜம்பர் இருந்துச்சு. நான்தான் கேபிளைச் சொருகினேன். அவ கை உள்ள இருக்கறப்ப நான்தான் சொருகினேன்" என்றார்.

மேனேஜருக்குப் பேச்சு தேனாக வந்தது. "பாவம், பொண்டாட்டி மேல பாசம். பழியைத் தன் தலையில போட்டுக்கறார். ஆய்வாளர் பார்த்தாரே, கதவு சரியாத்தானே இருந்துச்சு?"

"அதுக்கு முதல் நாள் சாயந்திரம் நான் மாத்தினேன்."

"யாரு மாத்தச் சொன்னா?"

"நீங்கதான் சார். ஆஸ்பத்திரியில."

மேனேஜர் சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "நீங்கதானே அன்னிக்கு அங்க இருந்தீங்க? ஜம்பர் ஏதாவது பார்த்தீங்களா?" என்றார். அந்த ஆள் தன் செருப்பைப் பார்த்தார். "இல்லை சார். நான் எதையும் பார்க்கலை" என்றார். கால் மணி நேரம் கேட்டபோது கொடுக்காத ஆள். நான் எழுந்து அவர் பெற்றோரையெல்லாம் இழுத்துத் திட்டினேன். என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள். எத்தனையோ பேர் இருந்தார்கள் அங்கே, பேனலைத் திறந்து பார்த்தவர்கள், ஜம்பர் என்றால் என்னவென்று தெரிந்தவர்கள். பூனைக்கு மணி கட்ட ஒருவரும் எழவில்லை. சாட்சி என்று இருந்தது அந்த ஜம்பர் ஒன்றுதான். அதை மாமாவே தன் கையால் கழற்றி எறிந்திருந்தார்.

அன்றே மாமாவை வெளியே அனுப்பினார்கள். லேபிள் வேலையும் போயிற்று. ஆய்வாளர் அலுவலகத்துக்கு நானும் மாமாவும் நடையாய் நடந்தோம். முடிந்துபோன விஷயம், புது ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆலையில் நான் மட்டும் மிச்சம். வேறு வருமானம் இல்லாததால் இன்னும் அங்கேதான் பெட்டி அடுக்குகிறேன். அது எனக்கு வெட்கம்தான்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா எதிரே தரையில் உட்கார்ந்தார். நான் கதவருகில் நின்றேன்.

"அப்போ நான் கையை விடறப்ப, அது நின்னுட்டுதான் இருந்துச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"நின்னுட்டுதான் இருந்துச்சு."

"நான் சரியாத்தான் பார்த்தேனா?"

"சரியாத்தான் பார்த்தே."

அக்கா அழுதாள். அப்படி அவள் அழுது நான் பார்த்ததில்லை. விரல் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. மாமா அவள் காலைத் தொடப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஒயர் மாட்டாம விட்டதை விடுங்க. வேலை நெருக்கடி. அவங்க விடலை. என் கையை எடுத்ததைக்கூட விட்டுடறேன். தெரிஞ்சா செஞ்சீங்க?" என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா இத்தனை நாளா அடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேனே, தெருவுல நின்னு நடுங்கினேனே, எனக்குப் பைத்தியம்னு நானே நெனச்சேனே. பக்கத்துல உட்கார்ந்து தலை பின்னிக்கிட்டே இருந்தீங்களே. ஒரு வார்த்தை. நின்னுட்டுதான் இருந்துச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை. அதை யார் காதுக்கும் வேண்டாம், என் காதுல மட்டும் சொல்லியிருக்கலாமில்ல? அதுக்கு எந்த மேனேஜர்கிட்ட அனுமதி வாங்கணும்?"

இப்போது மாமா பழையபடி ஒரு கடையில் எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறார். அக்கா தெருவைத் தனியாகக் கடக்கிறாள், அடுப்பை ஒருமுறைதான் அணைக்கிறாள். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. பால் வந்ததா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பேசிக்கொள்கிறார்கள். எப்போதாவது, எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில், அக்கா திரும்பி அவரைப் பார்த்து, "ஏன் சொல்லலை?" என்று கேட்பாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். இன்று காலையும் கேட்டாள்.